தாங்கள் காலமான விவரம்

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணன் லோவெல் ஹால்கம் அவர்களுக்கு, லாரல் ஓடையிலிருந்து தம்பி டெல்மர் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் வீட்டுக்காரி வெர்னா, இரண்டு பசுக்கள், காது கேட்காத நாய் எல்லோரும் ஆண்டவர் தயவில் சுகம். வடக்கே டேட்டனில் தாங்கள் சுகமா என்று அடுத்து கேட்பதுதான் முறை. அந்தக் கேள்வியைக் கேட்கும் யோக்கியதையை நான் இழந்துவிட்டேன். காரணம், இந்தக் கவுண்டி ஜனங்களைப் பொறுத்தவரை தாங்கள் காலமாகிவிட்டீர்கள். போன மாதம் அடக்கமும் நடந்து முடிந்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை.

பதற வேண்டாம், உட்கார்ந்து படியுங்கள். கல்லறை ஞாயிறுக்கு ஊருக்கு வருகிறேன், நம்மவர்களின் கல்லறைகளுக்குப் பூ வைத்துவிட்டு நாலு நாள் தங்குகிறேன் என்று தாங்கள் போட்ட அட்டை நேற்று வந்தது. அப்பாவின் அடக்கத்தன்று கோபித்துக்கொண்டு போன அண்ணனிடமிருந்து இத்தனை காலம் கழித்து வந்த முதல் அட்டை. கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்தது பொய்யில்லை. அடுத்த மூச்சிலேயே அட்டையை அடுப்பில் போட்டுவிட நினைத்ததும் பொய்யில்லை. வெர்னா அட்டையை வாங்கி இரண்டு தரம் படித்தாள். "நல்லதாப் போச்சு. செத்தவர் வர்றார். சாப்பாட்டுக்கு என்ன செய்யறது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை, நாயிடம்தான் பேசுகிறாள்.

எல்லாம் இந்த ஆம்புலன்ஸால் வந்த வினை. நம் ஊரில் யாருக்குமே விலாசம் கிடையாது என்பது தங்களுக்குத் தெரியும். எரிந்துபோன பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இடது பக்கம் திரும்பு, முன்பு வால்நட் மரம் நின்ற வளைவில் மேலே ஏறு, நாய் குரைத்தால் தாண்டி வந்துவிட்டாய் என்று அர்த்தம் என்றுதான் நாம் வழி சொல்வோம். நமக்கு அது போதும். ஆனால் வெளியூரிலிருந்து வந்த ஆம்புலன்ஸ்காரன் இல்லாத பள்ளிக்கூடத்தையும் இல்லாத மரத்தையும் தேடிக்கொண்டு மூன்று பள்ளத்தாக்குகளில் ஏறி இறங்கி, கடைசியில் நெஞ்சுவலி என்று கூப்பிட்டவரே தன் வண்டியில் வந்து அவனுக்கு வழிகாட்டிக் கூட்டிப்போக வேண்டியதாகிவிட்டது. அதன்பிறகு மேலிடத்து உத்தரவு வந்தது, கவுண்டியில் உள்ள எல்லாப் பாதைக்கும் பெயர் வேண்டும், பெயர்ப்பலகை வேண்டும் என்று. பெயர் வைக்கக் கோர்ட் கட்டடத்தில் ஒரு குழு உட்கார்ந்தது. மலையில் இதுவரை இல்லாத சண்டைகள் அன்றுதான் பிறந்தன. அண்ணன் தம்பிகள் பேச்சை விட்டார்கள். ஒரு பாதைக்கு நான்கு சபைகள் சேர்ந்து தேவாலயப் பாதை என்று பெயர் கேட்டன, நான்கும் ஒன்றுக்கொன்று ஆகாதவை.

குழுவுக்குத் தலைவி நேடீன், அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவள். அவள் இரண்டு விதி சொன்னாள். ஒன்று, கவுண்டிக்குள் ஒரே பெயர் இரண்டு பாதைக்கு வரக்கூடாது. இரண்டாவது, உயிரோடு இருப்பவர் பெயர் கூடாது. உயிரோடு இருப்பவர்கள் நாளைக்கு என்ன செய்வார்கள் என்று தெரியாது, பலகையை எத்தனை தரம் கழற்றி மாட்டுவது என்று அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது.

நம் பாதைக்குப் பெயர் கேட்டு நானும் எஸ்டல் ராட்லிஃபும் போனோம். லாரல் ஓடையில் ஹால்கம்களும் ராட்லிஃப்களும் மட்டும்தான் என்பதும், ஓடைக்கு அந்தப் பக்கம் அவர்களும் இந்தப் பக்கம் நாமும் என்பதும், அந்தக் காலத்தில் நாட்டின் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட யுத்தத்தில் அவர்கள் வடக்கோடு நின்றார்கள், நாம் அன்றன்றைக்குப் பாதை யார் கையில் இருந்ததோ அவர்களோடு நின்றோம் என்பதும் தாங்கள் அறியாததல்ல. எஸ்டல் எழுந்து, "எங்க தாத்தா ஈனாக் ராட்லிஃப்தான் அந்த ஓடைக்கு முதல்ல வந்து குடியேறினவர். அவர் பேரை வைங்க" என்றான். நான் விடுவேனா. "குடியேற வரல. மாடு தொலைஞ்சுபோச்சுன்னு தேடிக்கிட்டு வந்தவர், திரும்பிப் போக வழி தெரியல, அதனால தங்கிட்டார்" என்றேன். அறை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் எனக்குத் தலைக்கேறியது. நம் தாத்தா ஆசா ஹால்கம் பெயரைச் சொன்னேன். நேடீன் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அந்தப் பேரை மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஹால்கம்கள் போன வாரமே எடுத்துட்டாங்க" என்றாள். கொள்ளுத்தாத்தா பெயரைச் சொன்னேன், அதுவும் போய்விட்டது. அப்பா பெயரைக்கூட அந்தப் பக்கத்துச் சித்தப்பா மகன்கள் ஒரு குறுக்குச் சந்துக்கு வைத்துவிட்டார்கள். நம் குடும்பத்தில் செத்தவர்கள் அத்தனை பேரையும் அவர்களே வாரிக்கொண்டு போய்விட்டார்கள் அண்ணே, நமக்கென்று ஒரு பிணம் மிச்சம் வைக்கவில்லை. எஸ்டல் உட்கார்ந்த இடத்தில், "அவ்வளவுதானா, சரக்கு தீர்ந்துபோச்சா?" என்றான். நான் எழுந்து, "லோவெல் ஹால்கம்" என்று தங்கள் பெயரைச் சொன்னேன்.

"லோவெல் உன் அண்ணன்தானே? உயிரோட இல்லையா?" என்று நேடீன் கேட்டாள். "செத்துட்டான்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம் முழுவதும். நாக்குக் கூசியது என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் கூசவில்லை. உப்பைக் கொஞ்சம் எடு என்று கேட்கிற மாதிரி சாதாரணமாக வந்தது. ராட்லிஃப் ஒருவனிடம் தோற்கக்கூடாது என்பதற்காகக் கூடப் பிறந்தவனைக் கொன்றேன், அதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நுணலுக்காவது தன் உயிர்தான் போகும்.

சண்டைக்கு வருவான் என்று நான் எஸ்டலைப் பார்த்தேன். அவன் தொப்பியைக் கழற்றினான். நாற்காலியைத் தள்ளிவிட்டு அறையைக் கடந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்குத் தெரியாது டெல்மர். தாத்தாவை அடுத்த தடவை பார்த்துக்கலாம். லோவெல் பேரே இருக்கட்டும்" என்றான். அவன் தாத்தா ஈனாக்கை நான் அப்படிக் கேலி செய்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அண்ணே. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் துக்கத்துக்கு வந்த கோழிப்பொரியல் நிற்கிறது. மலையில் சாவுச் செய்திக்கு இருக்கும் வேகம் வேறெதற்கும் இல்லை, அதற்கு விலாசமும் தேவையில்லை. பொழுது சாய்வதற்குள் சோளரொட்டி, பன்றிக்கறி போட்ட அவரை, வாழைப்பழப் புட்டிங், காய்ந்த ஆப்பிள் வைத்து அடுக்கிய கேக் எல்லாம் மேஜையில் இடம் போதாமல் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் அடுக்கினார்கள். யார் செத்தது என்று தெரியாமல் வெர்னா எல்லோரிடமும் ஆறுதல் வாங்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதும், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "பாதைக்குப் பேரு வைக்கப் போனீங்களா, ஆளுக்கு நாள் குறிக்கப் போனீங்களா?" என்றாள். உடனே போய்ச் சொல்லிவிடுங்கள் என்றாள். சாப்பாடெல்லாம் வந்துவிட்டதே, இப்போது எப்படிச் சொல்வது என்றேன். இந்த ஊரில் வந்த சாப்பாட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் யாருமில்லை. அன்று ராத்திரி இருவரும் தங்கள் பெயரால் வந்த கேக்கைச் சாப்பிட்டோம். கேக் நன்றாகத்தான் இருந்தது, அதுவும் எனக்கு வருத்தம்தான்.

மறுநாள் ஹோபர்ட் போதகர் வந்தார். "நம்ம ஆளு ஓஹையோ மண்ணுல கிடக்கலாமா டெல்மர்? எஸ்டல் லாரி தர்றான். நாளைக்கே கிளம்பிப் போயி கொண்டுவந்து மேட்டுக் கல்லறையில உங்க அப்பா பக்கத்துல வைக்கிறோம்" என்றார். வேலைக்காக வடக்கே போனவர்களை, செத்த பிறகாவது மலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது நம் வழக்கம். அதை நான் மறந்துபோனேன். லாரி டேட்டனுக்குப் போனால் தாங்கள் சட்டை போட்டுக்கொண்டு கதவைத் திறப்பீர்கள். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் காவல் என்பதால், அவசரத்தில், "கொண்டுவர ஒண்ணுமில்ல. எரிச்சுட்டாங்க" என்றேன்.

எங்கோ தூர தேசத்தில் அது சாதாரண வழக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். லாரல் ஓடையில் அது அப்படி இல்லை. போதகர் உட்கார்ந்துவிட்டார். கூட வந்த அம்மாள், "எரிச்சுட்டாங்களா? அப்போ கடைசி நாள்ல எக்காளம் ஊதினா எதை வச்சு எழுந்திருப்பான்?" என்று கேட்டாள். போதகர், "ஆதாமை மண்ணுல இருந்து எடுத்தவருக்குச் சாம்பல் பெரிய காரியமா?" என்றார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "சாம்பலாவது கொடுத்திருப்பாங்களே. அதை வைப்போம்" என்றார்.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். தங்கள் அடக்கத்தில் காப்பித்தூள் டப்பா ஒன்றில் அடைத்து, வெள்ளைத் துணி சுற்றி, மேட்டுக்குத் தூக்கிப்போய் நாங்கள் புதைத்தது நம் வீட்டு விறகடுப்புச் சாம்பல். பழைய வேலிப் பலகையை எரித்த சாம்பல் அது. ஆணிகள் கிடக்கும் என்று வெர்னா மாவு சலிக்கும் சல்லடையை எடுத்துச் சலித்துக் கொடுத்தாள். சலித்துவிட்டுச் சல்லடையை ஓடையில் எறிந்தாள். அப்படியும் ஒரு ஆணி தப்பிவிட்டது. ஏற்றத்தில் போதகர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடக்க நடக்க உள்ளே அது கடகடவென்று உருண்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "கால் ஒடிஞ்சப்போ டாக்டர் வச்ச ஆணி" என்றேன். "பாவம், அங்க எவ்வளவு கஷ்டப்பட்டானோ" என்று அவர் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

ஏற்றம் அப்படியேதான் இருக்கிறது அண்ணே. மழை பெய்திருந்தது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது பெட்டி சறுக்கிய அதே இடத்தில் எல்லோரும் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். டவுன் கல்லறையில் வைத்திருந்தால் வண்டியிலேயே போயிருக்கலாம் என்று தாங்கள் அன்றைக்குச் சொன்னதும், "உனக்கு மனுஷங்களைவிட மலைதான் பெருசு" என்று சொல்லிவிட்டுச் சேற்றோடு காரில் ஏறியதும் ஞாபகம் வந்தது. யாரும் பாட்டை ஆரம்பிக்கவில்லை, எல்லோருக்கும் மூச்சிரைத்தது. இளமையில் தாங்கள் சுற்றிச் சுற்றி வந்த இமோஜீன் தன் புருஷன் பக்கத்தில் நின்றுகொண்டே சத்தமாக அழுதாள், அவனும் அவளுக்குக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தான். இதைத் தாங்கள் தெரிந்துகொள்வது நல்லதா என்று தெரியவில்லை, ஆனால் தங்கள் அடக்கம், தங்களுக்குத் தெரிய வேண்டும்.

பிறகு போதகர், இறந்தவரைப் பற்றி யாராவது பேசலாம் என்றார். எஸ்டல் முன்னால் வந்தான். பேசத் தெரியாதவன், தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். "வெள்ளம் வந்த வருஷம் எங்கம்மா கூரை மேல நின்னுச்சு. நான் கரையில நின்னு கத்திக்கிட்டிருக்கேன். இந்த லோவெல் இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு இறங்கினான். எங்கம்மாவை முதுகுல தூக்கிக்கிட்டு ஓடையைக் கடந்தான். யாருகிட்டயும் சொல்லாதடா எஸ்டல், ஹால்கம் ஒருத்தன் ராட்லிஃப் பொம்பளையைத் தூக்கினான்னு தெரிஞ்சா எங்கப்பா என் தோலை உரிச்சிடுவார்னான். நான் சொல்லல. இப்போ ரெண்டு பேர் அப்பாவும் போயாச்சு, அவனும் போயாச்சு. அதனால சொல்றேன்" என்றான்.

ஒரே கட்டிலில் படுத்தோம், ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டோம், எனக்கு இது தெரியாது. அந்த வருஷம் தாங்கள் காய்ச்சலில் கிடந்தீர்கள், ஓடையில் மீன் பிடிக்கப் போனதால் என்று சொன்னீர்கள். வெள்ளத்தில் எவன் மீன் பிடிப்பான் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. எஸ்டல் பேசி முடித்த பிறகு நான் அழுதேன். நடிப்பென்று நினைக்க வேண்டாம். அடுப்புச் சாம்பல் டப்பாவுக்கு முன்னால் மண்டியிட்டு, தாங்கள் உயிரோடு இருப்பது தெரிந்தே அழுதேன். வெர்னாதான் தூக்கிவிட்டாள். இருந்தபோது ஒரு வரி எழுதாதவன், சாகடித்த பிறகு இப்படி அழுகிறேன் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஆகவே அண்ணே, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இந்த வருடம் வர வேண்டாம். கல்லறை ஞாயிறன்று கவுண்டி முழுக்க மேட்டில் இருக்கும். தங்கள் டப்பாவுக்கு மேல் எஸ்டல் ஆற்றுக்கல் ஒன்றைத் தூக்கிவந்து நட்டிருக்கிறான், அதற்குப் பூ வைக்கப் போகிறார்கள். அந்த நேரத்தில் தாங்கள் கூடையோடு ஏறி வந்தால் இரண்டு மூன்று பேருக்காவது நிஜமாகவே ஆம்புலன்ஸ் தேவைப்படும். தாடி வளர்த்துக்கொண்டு, இண்டியானாவிலிருந்து வந்த தூரத்து உறவு என்று சொல்லிக்கொண்டு வந்தால் என்ன என்று வெர்னாவிடம் கேட்டேன். அவள் நாயைப் பார்த்து, "பைத்தியம் முத்திப்போச்சு" என்றாள். இந்தப் பேச்சு ஓயட்டும். அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ ஏதாவது ஒரு வழி பிறக்கும். அதுவரை தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மனிதரைவிட மலைதான் எனக்குப் பெரிது என்று அன்று சொன்னீர்கள். ஒரு பலகைக்காக நான் செய்த காரியத்தைப் பார்த்தால், தாங்கள் என்னை நன்றாகவே தெரிந்து வைத்திருந்தீர்கள் என்று தோன்றுகிறது.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. அண்ணிக்கு இந்த விவரத்தைப் பக்குவமாகச் சொல்லவும். ஆண்டவர் தங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும் என்று நான் ஜெபிக்கிறேன், இங்கே என் ஒருவனால் மட்டும்தான் அப்படி ஜெபிக்க முடிகிறது.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்க வாயில்லாத தம்பி,
டெல்மர்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் வர வேண்டாம் என்றதை அடித்துவிட்டுப் படிக்கவும். கடிதத்தை எடுத்துக்கொண்டு தபால் பெட்டிக்குப் போனபோது பாதை முனையில் எஸ்டல் கம்பத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தான். கவுண்டி ஆட்கள் வர ஒரு மாதமாகும் என்றார்களாம், பலகையை அவனே போய் வாங்கி வந்துவிட்டான். லோவெல் ஹால்கம் பாதை என்று பச்சையில் வெள்ளை எழுத்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது. "கொஞ்சம் பிடி டெல்மர். இந்தப் பக்கமாத் திருப்பி வச்சா வடக்கேயிருந்து வர்றவங்க கண்ணுல முதல்ல படும். அவன் அந்த வழியாத்தானே வந்திருப்பான்" என்றான். என்னால் பிடிக்க முடியவில்லை. அங்கேயே சொல்லிவிட்டேன், ஆணி வரைக்கும் ஒன்று விடாமல்.

அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, "உயிரோட இருக்கானா?" என்றான். இருக்கிறார், கல்லறை ஞாயிறுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறார் என்றேன். "லோவெல் உயிரோட இருக்கானா?" என்று திரும்பக் கேட்டான். அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான், தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று பக்கத்தில் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பிறகு எழுந்து, "அப்போ இந்தப் பலகை செல்லாதே" என்றான். செல்லாது என்றேன். "நல்லது" என்று அதைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். "வந்ததும் முதல் வேளைச் சாப்பாடு எங்க வீட்டுல. உன் வீட்டுல இல்ல" என்றும் சொன்னான்.

அடுத்து வந்த ஞாயிறே சபையிலும் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். போதகர் ஒரு மாதம் என்னைப் பின் பெஞ்சில் உட்காரச் சொல்லியிருக்கிறார். பெண்கள் அவரவர் பாத்திரங்களைக் கேட்டு வாங்கிப் போனார்கள், தாங்கள் வரும்போது நிரப்பிக் கொண்டுவரத்தான் என்று வெர்னா சொல்கிறாள். அவள் இப்போது என்னோடு பேசுகிறாள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். "வேண்டாம், அப்படியே போடுங்க. தம்பி எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சுக்கிட்டு வரட்டும்" என்றாள்.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் ஈனாக் ராட்லிஃப் பாதை என்று பலகை இருக்கும். நேடீனிடம் நானே போய்க் கேட்டு வாங்கிவந்தேன், எஸ்டல் ஒரு பக்கம் பிடிக்க நானே நட்டேன், வடக்கேயிருந்து வருபவர் கண்ணில் படும்படி. அதில் திரும்பி வாருங்கள் அண்ணே, நாங்கள் பாதை முனையிலேயே நிற்போம்.